‘பரவாயில்லை’யை வெளியே வரவைப்பது எப்படி? வெளிநாட்டு ஊழியத்துக்குப் போகும் குழுவுக்கு நான்கு நாள் பயிற்சி

சபை அனுப்பி வெளிநாட்டுக்குக் கிறிஸ்தவ ஊழியத்துக்குப் போகும் தமிழ்க் குழு சத்தம் போட்டுச் சண்டை பிடித்து உடைவது அபூர்வம். ‘பரவாயில்லண்ணா, இருக்கட்டும்’, ‘விடுங்கக்கா, நான் பாத்துக்கறேன்’ என்று சொல்லிச் சொல்லியே உடையும். மூன்றாவது வாரம் ஒருவர் தலைவலி என்று சாப்பாட்டுக்கு வரமாட்டார். இன்னொருவர் ஊருக்குப் போன் பேசும் நேரம் கூடிக்கொண்டே போகும். என்ன ஆச்சு என்று கேட்டால் ‘ஒண்ணுமில்லையே’ என்பார்கள். பவுலும் பர்னபாவும்கூட, மாற்குவைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்பதில் முறுக்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனவர்கள்தான். வேதாகமத்தில் அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறது. அவர்களாவது வாய்விட்டுப் பேசிவிட்டுப் பிரிந்தார்கள்.

புறப்படும் முன் நடத்தும் இந்தப் பயிற்சி முகாமில் வைக்கும் ஒவ்வொரு சவாலும் அந்தப் ‘பரவாயில்லை’யை இங்கேயே, பஸ் ஏறினால் வீடு போய்ச் சேரும் தூரத்திலேயே வெளியே கொண்டுவர வேண்டும். மேஜைமேல் நின்று பின்பக்கமாக விழ, மற்றவர்கள் பிடிக்கும் விளையாட்டு இதற்கு உதவாது. ஐந்து நிமிடக் கைதட்டல், சில சமயம் மணிக்கட்டில் ஒரு பிசகல், அவ்வளவே. தண்ணீர், மூட்டை, பணம், மொழி, தூக்கம்: போன இடத்தில் குழுவைச் சோதிக்கப்போவது இவைதான். சவாலையும் இவற்றிலேயே வையுங்கள்.

இடமும் காலமும்

கீழே உள்ள திட்டம் கடலூரில் தங்கி, ஒரு நாள் புதுச்சேரிக்குப் போய்வரும் 12 பேர் குழுவுக்கானது. போகும் நாடு நேபாளம் என்று வைத்துக் கணக்குகள் போடப்பட்டிருக்கின்றன. வேறு நாடானால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுவரை நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் பருவம்; தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், வலை பின்னிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் வேலை செய்யும் இடத்தில் போய் நாம் விளையாடக்கூடாது. மற்ற மாதங்களிலும் மீனவ ஊர்ப் பக்கம் மணலைப் பயன்படுத்துவதானால் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். தேவனாம்பட்டினம் சில்வர் பீச் மாலையில் கூட்டமாகிவிடும். காலை 7 மணிக்குள் மணலில் இறங்குவது நல்லது. கடற்கரையை ஒட்டிச் சவுக்குத் தோப்போடு தனியார் இடம் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. எந்தச் சவாலிலும் யாரும் கடலில் இறங்கக்கூடாது. இந்தக் கரையில் இழுப்பு அதிகம். கால் வைத்த மணல் நழுவுவது இடுப்பளவு வந்த பிறகுதான் தெரியும்.

பயிற்றுநர் இருவர், முதலுதவி தெரிந்தவர் ஒருவர் வேண்டும். குழுவை அனுப்பும் சபையின் போதகர் பயிற்றுநராக இருக்கவேண்டாம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ‘ஐயா இருக்காங்க’ என்ற நினைப்பில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். கடைசி நாள் மதியம் அவரை வரச்சொல்லுங்கள்.

பயிற்றுநர் கையில் ஒரு நோட்டு. நேரம், யார், என்ன செய்தார் என்று மூன்று கட்டம் போதும். ‘சோம்பேறித்தனம்’ என்று எழுதாதீர்கள். ‘10.20, கயிற்றை வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்தார்’ என்று எழுதுங்கள். இரவில் அதைப் படிக்கும்போது யாரும் மறுக்க முடியாது, யாருக்கும் சுருக்கென்றும் இருக்காது. அவருக்குக் காலில் முள் குத்தியிருந்தது என்று அப்போதுதான் தெரியவரும்.

முதல் நாள்: 12 குடம் தண்ணீர்

பேரிடர் முகாம்களுக்கு நிவாரண அமைப்புகளின் ஸ்பியர் கையேடு வைத்திருக்கும் அளவு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர். 12 பேருக்கு 180. பிளாஸ்டிக் குடம் ஏறக்குறைய 15 லிட்டர் பிடிக்கும் என்பதால் கணக்கு எளிது: ஆளுக்கொரு குடம். கடைக்குக் கடை குடத்தின் அளவு மாறும். ஒரு லிட்டர் பாட்டிலால் 15 முறை ஊற்றி, தண்ணீர் நிற்கும் இடத்தில் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

காலை 6 மணிக்கு எல்லாக் குழாய்களையும் அடைத்துவிடுங்கள். 200 மீட்டர் தள்ளி ஓர் அடிபம்பு அல்லது தெருக்குழாய், நான்கு குடம், நான்கு பக்கெட். மறுநாள் காலை 6 மணிவரை 12 குடத்துக்குமேல் எடுக்கக்கூடாது என்பது ஒன்றே விதி. எப்படிப் பிரிப்பது, யார் தூக்குவது என்று எதுவும் சொல்லாதீர்கள். குடிப்பதற்கு ஆளுக்கு 3 லிட்டர், சமையலுக்கு 2 லிட்டர் என்று ஒதுக்கினால் 4 குடம் போய்விடும். மிச்சம் 8 குடத்தில்தான் குளியல், கழிப்பறை, பாத்திரம் எல்லாம். அதாவது தலைக்கு 10 லிட்டர். இந்தக் கணக்கை அவர்களே போடவேண்டும், பெரும்பாலும் போடமாட்டார்கள். முதலில் எழுந்த மூன்று பேர் வழக்கம்போல ஆளுக்கு ஒரு பக்கெட் ஊற்றிக் குளித்துவிட்டு வருவார்கள். ஏழு மணிக்கே நான்கு குடம் காலி.

சமையலும் இதே நாளில்தான். மதியத்துக்கு அரிசி 1.5 கிலோ, துவரம்பருப்பு அரை கிலோ, ஒரே அடுப்பு, ஒரே பெரிய பாத்திரம். அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டாமல் பாத்திரம் அலச வைத்துக்கொள்ளலாம் என்பது வீட்டில் தண்ணீர்ப் பஞ்சம் பார்த்தவர்களுக்கு உடனே தோன்றும். அப்படித் தோன்றுபவர் பெரும்பாலும் குழுவில் வாய் பேசாதவராக இருப்பார். அவர் சொன்னதை யாராவது காதில் வாங்கினார்களா என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இடங்களில் கட்டாயம் தப்பு நடக்கும். தண்ணீர் சுமப்பதும் அடுப்படியும் தானாகவே பெண்கள் தலையில் விழும். கனமான இரண்டு நடையைச் சின்னத் தம்பிகள் செய்துவிட்டு, அண்ணன்மார் ‘ஏற்பாட்டை’க் கவனித்துக்கொண்டிருப்பார்கள். இன்னொன்று, மாலை நாலு மணிக்குக் குடம் தீரப்போகிறது என்று தெரிந்த ஒருவர், அடுத்தவருக்கு இருக்கட்டும் என்று தான் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார். இது தியாகம் மாதிரித் தெரியும், ஆனால் ஆபத்து. அதனால் சீல் உடைக்காத 20 லிட்டர் கேன் ஒன்றை பயிற்றுநர் அறையில் வைத்திருங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகிறது, தலை சுற்றுகிறது என்று யாராவது சொன்னால் அவருக்கு விளையாட்டு அங்கேயே முடிந்தது. ஓஆர்எஸ் பொட்டலம் இல்லையென்றால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தட்டையான 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக்கூடாது.

இரவு 8 மணிக்கு எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, ‘நீங்கள் இன்றைக்கு எத்தனை லிட்டர் செலவழித்தீர்கள், எத்தனை குடம் தூக்கினீர்கள்’ என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எல்லாச் சீட்டையும் கூட்டிப் பலகையில் போடுங்கள். செலவின் கூட்டு 180க்குக் கீழே நிற்கும், தூக்கியதன் கூட்டு 12 குடத்தைத் தாண்டும். அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு நோட்டைத் திறங்கள்.

பேச்சு முதலில், ஜெபம் பிறகு

ஒரு மணி நேரச் சவாலுக்குக் குறைந்தது முக்கால் மணி நேரப் பேச்சு. கேள்வி மூன்றே மூன்று: என்ன நடந்தது? அப்போது உள்ளுக்குள் என்ன ஓடியது? நாளைக்கு எதை மாற்றுவோம்? இந்த வரிசை மாறக்கூடாது. இரண்டாவது கேள்வியில் முதலில் தொடங்கினால் பாதிப் பேர் அழுவார்கள், மீதிப் பேர் உபதேசம் செய்வார்கள்.

வயதில் சின்னவரிலிருந்து பேசவையுங்கள். மூத்தவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்களுக்கு ‘அண்ணன் சொன்னதுதான்’ என்பதைத் தவிர வேறு பேச்சு இருக்காது. ‘பரவாயில்லை’ என்று யாராவது சொன்னால் அங்கே நிறுத்தி, ‘எது பரவாயில்லை?’ என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு நிமிடக் கணக்கில் சும்மா இருக்கத் தெரியவேண்டும். பயிற்றுநர்கள் சறுக்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். மௌனம் தாங்காமல் தாங்களே பதில் சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு வழக்கத்தையும் கவனியுங்கள். பேச்சு சூடாகும்போது யாராவது ஒருவர், ‘சரி, ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணிக்கலாம்’ என்பார். கண்ணை மூடித் திறந்ததும் எல்லோரும் புன்னகைப்பார்கள். பிரச்சினை அப்படியே மடித்து உள்ளே வைக்கப்பட்டிருக்கும். இந்த நான்கு நாளும் பேசி முடித்த பிறகே ஜெபம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் நாள்: மணலில் தார்ப்பாய்

18க்கு 12 அடி தார்ப்பாய் ஒன்று, 7 அடிச் சவுக்குக் கழி இரண்டு, 8 மில்லிமீட்டர் நைலான் கயிறு 40 மீட்டர், காலி சிமெண்டுச் சாக்கு ஆறு, மண்வெட்டி ஒன்று. 40 நிமிடத்தில் 12 பேரும் உட்காரும்படி ஒரு கூரை நிற்கவேண்டும். தலைமை, குழுவிலேயே வயதில் சின்னவருக்கு. போகும் குழுவின் உண்மையான தலைவர் கண்ணைக் கட்டிக்கொண்டு, சொல்வதை மட்டும் செய்வார். ‘தம்பி, அப்படியில்ல’ என்று கண்கட்டோடே அவர் எத்தனை முறை சொல்கிறார் என்று எண்ணுங்கள்.

வேலை தெரியாததால் வரும் தப்புகளும் உண்டு. மணலில் முளையடித்தால் நிற்காது. காற்று ஒரு தரம் இழுத்தாலே பிடுங்கிக்கொள்ளும். சாக்கில் முக்கால்வாசி மணல் நிரப்பி, வாயைக் கட்டி, கயிற்றை அதன் இடுப்பில் சுற்றி, ஒன்றரை அடி ஆழத்தில் படுக்கவைத்துப் புதைத்தால்தான் தாங்கும். தார்ப்பாயின் ஓட்டைக்குள் கயிற்றைக் கோத்து இறுக்கினால் வளையம் பிய்ந்துவிடும். மூலையில் ஓட்டுச் சில்லு ஒன்றை வைத்து, தார்ப்பாயோடு சேர்த்துச் சுருட்டி, அந்தக் குமிழின் கழுத்தில் கயிறு கட்டவேண்டும். பத்து, பதினோரு மணிக்குமேல் கடற்காற்று வலுக்கும். கூரையின் தாழ்ந்த பக்கம் கடலைப் பார்க்கட்டும். திறந்த பக்கம் கடலைப் பார்த்தால் தார்ப்பாய் பாய்மரம்போல உப்பி, கழியோடு எழும்பும். ஒரு முறை எழும்பினால் நல்லதே, யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று தெரியும். கழி தலையில் விழாதபடி மட்டும் பயிற்றுநர் பக்கத்திலேயே நிற்கவேண்டும்.

இருபதாவது நிமிடத்தில் சின்னத் தலைவர் காதில் போய், ‘உனக்குக் காய்ச்சல், படுத்துக்கொள்’ என்று சொல்லுங்கள். அவரைத் தார்ப்பாயிலேயே கிடத்தி 50 மீட்டர் தூக்கிப்போக வேண்டும். பக்கத்துக்கு மூவராக ஆறு பேர், ஓரத்தை உள்பக்கமாகச் சுருட்டிப் பிடித்து, ஒரே ஒருவர் எண்ண, எல்லோரும் சேர்ந்து எழவேண்டும். இரண்டு பேர் எண்ணினால் தலைப்பக்கம் மேலேயும் கால்பக்கம் கீழேயுமாக ஆள் நழுவுவார். திரும்பி வந்ததும் கடிகாரத்தில் பத்து நிமிடம்கூட மிச்சமிருக்காது. இப்போது தலைவர் யார்? அதை யாராவது வாய்விட்டுக் கேட்டார்களா, இல்லை சத்தம் பெரிதானவர் எடுத்துக்கொண்டாரா? அன்றைய பேச்சின் பாதி நேரம் இதற்கே வேண்டும்.

மூன்றாம் நாள்: புதுச்சேரியில் ஊமைச் சந்தை

கடலூரிலிருந்து தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாக ஒரு மணி நேரத்துக்குள் புதுச்சேரி. முதலில் தெரியாத ஒரு மொழியில் பாடம். அங்கே வங்காளமும் பிரெஞ்சும் பேசும் வீடுகள் உண்டு. நேபாளி பேசுபவர் கிடைத்தால் அவரே முதல் தேர்வு. ஒரு மணி நேரத்துக்கு டியூஷன் மாதிரிக் கட்டணம் கொடுத்து உட்காருங்கள். ஊழியம் என்று சொல்லி அவர் நேரத்தை இலவசமாக வாங்காதீர்கள்.

மேஜையில் பத்துப் பொருள்: டம்ளர், தண்ணீர், கரண்டி, உப்பு, வெங்காயம், துணி, சாவி, செருப்பு, காசு, சோறு. முதல் 20 நிமிடம் அவர் சொல்வார், குழு தொட்டுக்காட்டும், வாய் திறக்கக்கூடாது. அடுத்த 20 நிமிடம் ‘எடு, வை, கொடு’ என்று சேர்த்துக்கொள்வார். கடைசி 20 நிமிடம்தான் பேச்சு. குழுவில் படிப்பில் கெட்டிக்காரர் ஒருவர் எல்லாவற்றுக்கும் முந்திக்கொள்வார், மற்றவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். அவருடைய முறையை எப்போதும் கடைசியாக வையுங்கள். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு, பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்துதான் தமிழ் எழுத்துப் பழகினார். பட்டம் படித்தவர்களுக்கு இதை ஒருதரம் ஞாபகப்படுத்தலாம்.

பிறகு பெரிய மார்க்கெட் எனப்படும் குபேர் அங்காடி. மூன்று மூன்று பேராக நான்கு அணி, அணிக்கு ₹200, கைப்பேசி இல்லை, தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. காலைச் சந்தை வேண்டாம், வியாபாரிகளுக்கு இடைஞ்சல். மதியம் 3 மணி வாக்கில் போங்கள். பட்டியல்: எலுமிச்சம்பழம் மூன்று, சீரகம் 50 கிராம், தலைசீவும் சீப்பு ஒன்று, ஒரு கோணி ஊசி. முதல் மூன்றையும் கைகாட்டியே வாங்கிவிடலாம். கோணி ஊசிதான் விஷயம். சாக்கு தைப்பதுபோல ஒருவர் அபிநயம் பிடிக்க, கடைக்காரர் மீன்தூண்டில் என்று நினைக்க, பக்கத்தில் நிற்பவர் பொறுமையிழந்து தமிழில் சொல்லிவிடுவார். சொன்னவரை மற்ற இருவரும் காட்டிக்கொடுக்கிறார்களா, மூடி மறைக்கிறார்களா என்பது மாலையில் தெரிந்துவிடும்.

காது கேளாதவர்போல நடிக்கக்கூடாது. அது பொய், அப்படி வாழ்பவர்களுக்கு அவமானமும்கூட. ‘பயிற்சிக்காகப் பேசாமல் வாங்குகிறோம், உங்களுக்கு நேரம் இருந்தால் உதவுங்கள்’ என்று தமிழில் எழுதிய அட்டையை ஆளுக்கொன்று கொடுத்துவிடுங்கள்.

மூட்டையும் பணமும்

அன்று இரவே மூட்டை கட்டும் சவால். போகவிருக்கும் விமானத்தில் அனுமதிக்கும் எடையைப் பாருங்கள்; 20 கிலோ பெட்டி, 7 கிலோ கைப்பை என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் தங்கள் சாமான்களோடு வந்திருப்பார்கள். நடுவில் 40 கிலோ பொதுச் சாமானைக் குவியுங்கள்: குக்கர், மருந்துப் பெட்டி, புரொஜெக்டர், கிட்டார், கயிறு. 45 நிமிடத்தில் எல்லாம் பெட்டிக்குள் போயிருக்க வேண்டும். தொங்கும் தராசு ஒன்று போதும்.

குக்கர் யார் பெட்டிக்குள் போகிறது என்று பாருங்கள். கேட்டால் மறுக்கத் தெரியாதவர் பெட்டிக்குள்தான். சானிட்டரி நாப்கின் சொந்தச் சாமானா, பொதுச் சாமானா என்ற கேள்வி பெண்கள் வாயிலிருந்து வராது. அது பொதுச் சாமான் என்று பட்டியலிலேயே போட்டுவிடுங்கள். பவர் பேங்க் பெட்டியில் போகக்கூடாது, கைப்பையில்தான். 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-அவர், பிரச்சினையில்லை. 30,000 என்றால் 111. 100ஐத் தாண்டினால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். ஊறுகாய் பெட்டியில். நேபாளத்துக்கு விசா வேண்டாம் என்பதால் ஆதாரை மட்டும் எடுத்துக்கொண்டு ஒருவராவது வருவார். விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். 15 வயதுக்குக் கீழே, 65க்கு மேலே இருந்தால்தான் ஆதார் செல்லும்.

பணத்துக்குத் தனிச் சவால் வேண்டாம், முகாமின் சாப்பாட்டுப் பணத்தையே கொடுங்கள். ஒருவர் வைத்திருக்க, இன்னொருவர் எழுத, இரவில் இருவரும் கையெழுத்து. இந்திய ரூபாய் 1க்கு நேபாள ரூபாய் 1.60 என்பது நிலையான மதிப்பு. இரண்டு நாணயத்திலும் எழுதிப் பழகட்டும். ₹2,350 செலவென்றால் பக்கத்தில் 3,760. கணக்கில் குறைவது பெரிய சிக்கலில்லை. கூடுதலாக மிஞ்சுவதுதான் சிக்கல்: யாரோ தன் கைக்காசைப் போட்டுக் காய் வாங்கிவிட்டுப் ‘பரவாயில்லை’ என்று விட்டிருக்கிறார். கைக்காசு போட்டால் அன்றிரவே திரும்ப வாங்கியாக வேண்டும் என்பது விதி. வசதியுள்ளவர் தாராளமாக இருக்க, இல்லாதவர் கூசிப்போவது இப்படித்தான் தொடங்கும்.

இரவு 10.30 மணிக்கு ஒரு போன்

எல்லோரும் படுத்த பிறகு ஒருவர் கையில் சீட்டைக் கொடுங்கள்: ‘குழுவில் ஒருவருக்குக் கால் முறிவு, ஆஸ்பத்திரியில் இருக்கிறார், நினைவு இருக்கிறது, உங்கள் போனில் 8 சதவீதம் சார்ஜ்.’ 40 நொடியில் ஊரில் இருக்கும் தொடர்பாளரிடம் சொல்லவேண்டும். தொடர்பாளர் இது ஒத்திகை என்று முன்பே தெரிந்தவராக இருக்கட்டும். குடும்பத்தாராகப் பக்கத்து அறையில் ஒருவர் நடிக்கட்டும். உண்மையான வீட்டுக்குப் போன் போகவே கூடாது.

சொல்லவேண்டியது: யார், எங்கே, என்ன ஆச்சு, இப்போது எப்படி, அடுத்த அழைப்பு எப்போது. நேபாளக் கடிகாரம் நம்மைவிட 15 நிமிடம் முன்னால். எந்த ஊர் மணி என்று சொல்லாவிட்டால் அந்தக் கால் மணி நேரம் ஒரு தாய்க்கு ஒரு யுகம். சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் விடிவதற்குள் கால் முறிவு ‘சீரியஸ்’ ஆகிவிடும். குடும்பம் முதலில், போதகர் அடுத்து, வாட்ஸ்அப் குழு கடைசியில். 2004 சுனாமியன்று சிங்கப்பூரிலிருந்து ஒருவர் வீட்டுக்குப் போன் செய்ய, புதுச்சேரி நல்லவாடில் ஊர் ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களைக் கரையிலிருந்து விலக்கினார்கள். செய்தி சுருக்கமாக இருந்தது, யார் அறிவிப்பது என்பதிலும் தடுமாற்றம் இல்லை.

நான்காம் நாள்: தனித்தனியாக ஐந்து கேள்வி

ஏன் வந்தீர்கள், எங்கே தங்குகிறீர்கள், யார் செலவு, எதுவரை, என்ன செய்யப்போகிறீர்கள்? ஒவ்வொருவரையும் தனி அறையில் ஐந்து நிமிடம் கேட்டு எழுதிக்கொண்டு, பன்னிரண்டு பதிலையும் சுவரில் ஒட்டுங்கள். நேபாளத்தில் 2018 ஆகஸ்ட் முதல் நடப்பிலுள்ள குற்றவியல் சட்டப்படி மதம் மாற்றுவதும் அதற்குத் தூண்டுவதும் 5 ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம். வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாடு கடத்தல். உற்சாகத்தில் ஒருவர் சொல்லும் ஒரு வரி, அங்குள்ள உள்ளூர் விசுவாசிகள் தலையில்தான் விடியும். பதில்கள் ஒன்றாக இருக்கவேண்டும், உண்மையாகவும் இருக்கவேண்டும். உண்மையைச் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்றால், மாற்றவேண்டியது பதிலை அல்ல, திட்டத்தை.

மதியம் போதகர் முன்னிலையில் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள். குளியல் முறை, சமையல் முறை, கைக்காசு விதி, போன் வரிசை, வாரத்தில் எந்த நாள் எத்தனை மணிக்கு அந்த மூன்று கேள்விகள் என்று நாளும் நேரமும் போட்டிருக்க வேண்டும். ‘அன்பாக இருப்போம்’ போன்ற வரிகளை அடித்துவிடுங்கள்.

ஒருவர் இந்த முறை போகவேண்டாம் என்று தோன்றினால், அதை வட்டத்தில் சொல்லாதீர்கள். மறுநாள் தனியாக, நோட்டில் குறித்த மூன்று நான்கு சம்பவங்களைக் காட்டி, போதகரும் பயிற்றுநர் ஒருவரும் சேர்ந்து சொல்லுங்கள். டிக்கெட் போடுவதற்கு முன்பே முகாமை முடித்துவிட வேண்டும் என்பது இதற்காகத்தான். பணம் கட்டிய பிறகு யாருக்கும் ‘வேண்டாம்’ என்று சொல்ல வாய் வராது, எல்லோரும் பரவாயில்லை என்றுதான் சொல்வார்கள்.